விளக்குத் தாத்தா மேல் சந்தேகம்

பதிப்பகத்தில் அவளுக்குக் கமா என்று பேர். ஒருமுறை அச்சுக்குப் போய்விட்ட வரிச்சட்டக் கையேட்டை ஒரே ஒரு காற்புள்ளிக்காகப் பாதி வழியில் நிறுத்தித் திருப்பி வரவழைத்தாள். அது விழாமல் போயிருந்தால் விதிவிலக்கு எல்லாருக்குமா, ஒருவருக்கு மட்டுமா என்று நீதிமன்றமே குழம்பியிருக்கும். அன்றைக்கு மானேஜர் எரிச்சலில் வைத்த பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறாள். சட்டம், மருந்தியல், தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவது எப்படி என்று விளக்கும் கையேடு, இவைதான் அவள் மேசைக்கு வரும். கதைப் புத்தகங்களை அடுத்த மேசைக்காரி பார்த்துவந்தாள். அவள் பிரசவ விடுப்பில், சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே போகவேண்டியதாகிவிட்டது. அதனால்தான் சாவிக்காரி வரிசையின் ஏழாம் பாகம் கமாவின் மேசையில் வந்து விழுந்தது.

"ஒம்பது நாள்தான் இருக்கு. முடிச்சுக் குடுத்துடுங்க" என்றார் மானேஜர்.

"முன்னாடி ஆறு பாகம் நான் படிச்சதில்லையே."

"சட்டப் புஸ்தகம் பாக்குறதுக்கு முன்னாடி சட்டம் படிச்சீங்களா? எழுத்தப் பாருங்க, போதும்."

நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கோட்டையில் நடக்கும் கதை. கோட்டையின் சாவிக்கொத்தெல்லாம் ஒரு விதவையிடம் இருக்கிறது. அவள்தான் சாவிக்காரி. பாகத்துக்கு ஒரு கொலை விழும்; அவள் துப்புத் துலக்குவாள். இந்த அளவு பின்னட்டையிலேயே இருந்தது. மற்றதெல்லாம் வாசகருக்குத் தெரியும் என்று ஆசிரியர் விட்டுவிட்டார். 'கிணற்றடிச் சம்பவத்துக்குப் பிறகு தளபதி அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை' என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி. எந்தக் கிணறு, என்ன சம்பவம்? யாரோ ஒருத்தன் உள்ளே வந்து கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறான். உடனே எல்லாரும் சிரிக்கிறார்கள். உறவினர் வீட்டில் சண்டை பாதி நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்தவள்போல, கமா யார் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

யாரை நம்பலாம் என்று தெரியாததால் எல்லாரையும் ஒரே மாதிரி சந்தேகப்பட்டாள். செத்தவன் உப்புக் கிடங்கின் காவலன். பிணம் கோட்டையின் பின்படிக்கட்டில் கிடந்தது. வேறெங்கோ கொன்று அங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு இன்னொரு பிரிவைச் சுட்டினால் அதைச் சரிபார்க்கக் குறித்து வைப்பாளே, அந்தப் பழக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, யார் யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று கட்டம் போட்டாள். சாவிக்காரி எல்லாரையும் கேட்டாள். தளபதியை, சமையல்கட்டுத் தலைவியை, உப்பு அளப்பவனை, ஏன், இளவரசியைக்கூட. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அந்தி நேரத்தில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டை முழுக்க விளக்கேற்றிக்கொண்டு போகும் கிழவர். வந்தால் ஒரு ஜோக் அடிப்பார், போவார். சாவிக்காரி தன் சந்தேகங்களையெல்லாம் அவரிடம்தான் சொல்வாள். விளக்குத் தாத்தா என்று எல்லாரும் கூப்பிட்டார்கள்.

வீட்டில் அந்த வரிசையின் முதல் ஆறு பாகமும் இருந்தன. ஆனால் கமாவுடையவை அல்ல. நாத்தனாருடையவை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள் அவள். வயது நாற்பத்தொன்று. ஒரு பரிசோதனை நிலையத்தில் காலையிலிருந்து ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை. மாடிப்படிக்கட்டைப் பார்த்த ஜன்னல் உள்ள சின்ன அறை அவளுடையது. அங்கே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், பழுப்புக் காகித அட்டை போட்டு, ரத்தக் குழாய்களில் ஒட்டும் சின்ன வெள்ளைச் சீட்டில் எண் எழுதி ஒட்டி, வரிசையாக வைத்திருந்தாள். யாருக்கும் இரவல் தரமாட்டாள். பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அண்ணியும் நாத்தனாரும் ஒட்டியும் ஒட்டாமலும்தான் இருந்தார்கள். சண்டை கிடையாது. தண்ணீர் வந்ததா, சாவி எங்கே, நாளைக்கு நேரத்தோடு போகணும், இவ்வளவுதான் பேச்சு. நடுவில் இருந்த கமாவின் கணவரோ, வேலைக்கு வாங்கும் மின்வயர் சுற்றிவந்த காகிதத்தைத் தவிர வேறெதையும் படிக்காதவர்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் கமா மெதுவாக ஆரம்பித்தாள்.

"இந்தச் சாவிக்காரி கதையில விளக்குத் தாத்தான்னு ஒருத்தர் வர்றாரே, அவரு யாரு?"

நாத்தனார் கையில் இருந்த துண்டைக் கீழே போட்டாள். "அண்ணி! ஏழாவது உங்க கையில இருக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"யாரு சாகுறாங்க? அத மட்டும் சொல்லுங்க."

"சொல்லக் கூடாது. வேலை போயிடும்."

"தாத்தாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல."

"அது போதும்" என்று பெருமூச்சு விட்டாள் நாத்தனார். பிறகு முக்கால் மணி நேரம் பேசினாள். பதினோரு வருடத்தில் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான். முதல் பாகத்தில் சாவிக்காரியை அகழியிலிருந்து இழுத்துப் போட்டது தாத்தாதான். மூன்றாவதில் தாத்தாவின் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதைப் படித்துவிட்டு நாத்தனார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"கோட்டையில எல்லா எடத்துக்கும் போவாரா அவரு?"

"பின்ன? வெளக்கு எங்க இருக்கோ அங்கெல்லாம் போய்த்தானே ஆகணும்?"

"யாரும் அவர எதுவும் கேக்க மாட்டாங்களா? எங்க இருந்தீங்க, என்ன பண்ணீங்கன்னு?"

"அவரப் போய் யாரு என்ன கேப்பாங்க?" என்றவளுக்குச் சட்டென்று உறைத்தது. "அண்ணி, நீங்க அவர சந்தேகப்படுறீங்களா?"

கமா ஒரு சட்டையை எடுத்து மடித்தாள்.

"ஆறு பாகமா பழகினவங்க நாங்க. நீங்க நேத்து உள்ள வந்துட்டு இன்னைக்குப் பழி போடுறீங்க!"

"பழியெல்லாம் போடல. ஒரு கட்டம் காலியா இருக்கு, அவ்வளவுதான்."

நாத்தனார் மீதித் துணியை மடிக்காமலே எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் கமா நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள். பின்படிக்கட்டில் சாவிக்காரியும் விளக்குத் தாத்தாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 'புதுச் சுண்ணாம்பு அடித்த கிடங்கில் அந்த மனுஷன் எப்படித்தான் படுத்துத் தூங்கினானோ!' என்று தாத்தா சிரிக்கிறார். அவளும் சிரிக்கிறாள். நூற்று ஐம்பத்தொன்றாம் பக்கத்தில்தான் உப்புக் கிடங்கின் முத்திரையை உடைத்து, கொலைக்குப் பிறகு முதல்முறையாகக் கதவைத் திறக்கிறார்கள். உள்சுவரில் ஈரம் காயாத சுண்ணாம்பு. அதைச் சுரண்டினால் அடியில் ரத்தம். கொலை அங்கேதான் நடந்திருக்கிறது; கொன்றவன் சுவரை மறைத்துவிட்டு வெளியேறியிருக்கிறான்.

கமா எட்டுப் பக்கம் பின்னால் போனாள். மறுபடி முன்னால் வந்தாள். கதவு திறப்பதற்கு முன்பே கிழவருக்கு உள்ளே சுண்ணாம்பு அடித்திருப்பது தெரிந்திருக்கிறது. சரி, இதுதான் முடிச்சு என்று பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். சட்டப் புத்தகம் ஒன்றும் அவளை இப்படி இழுத்ததில்லை. வேகவேகமாகக் கடைசி வரை போனாள். கடைசியில் பிடிபட்டவன் உப்பு அளப்பவன். கிடங்குச் சாவியின் மெழுகு அச்சு அவன் வீட்டில் இருந்ததாம். தாத்தா சொன்ன அந்த வரியைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

ஆசிரியருக்குப் போகும் கேள்வித்தாளில் அவள் எழுதினாள்: 'பக்கம் 143: கிடங்குக்குள் போகாதவருக்குச் சுண்ணாம்பு விஷயம் எப்படித் தெரியும்? கொன்றவர் இவர் இல்லையென்றால் வரியை நீக்கலாமா?'

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. சாவிக்காரியை எழுதுகிறவர் ஒரு பல் டாக்டர் என்பது கமாவுக்கு அப்போதுதான் தெரியும்.

"அத்தியாயத்த மாத்திப் போட்டேன், அதுல வந்த வெனை" என்று சிரித்தார் டாக்டர். "கதவு தெறக்குறது மொதல்ல முன்னாடி இருந்துச்சு." பிறகு கேட்டார்: "ஏங்க, நீங்க முந்தின ஆறு பாகமும் படிக்கலையா?"

"இல்லிங்க."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட."

"நாளைக்கு கிளினிக் பக்கம் வர முடியுமா?"

ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது கிளினிக். டாக்டரின் அறையில் வேறு நாற்காலி இல்லாததால் நோயாளி படுக்கும் நாற்காலியில்தான் கமா உட்கார்ந்தாள். காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, அவளுடைய கேள்வித்தாளை அசையும் தட்டின் மேல், சின்னக் கண்ணாடிக்கும் இடுக்கிக்கும் நடுவில் வைத்தார்.

"ஏன் அவர சந்தேகப்பட்டீங்க?"

"ஏன் படக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதே, டாக்டர்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார். தாத்தாவுக்கென்று வாசகர்கள் கடிதம் போடுகிறார்கள். குளிர்காலத்தில் கோட்டைச் சுவரில் ஏறுகிறாரே என்று ஒரு அம்மா கம்பளிச் சட்டை பின்னி அனுப்பியிருக்கிறார். மூன்று பாகத்துக்கு முன்பே தாத்தாவை வைத்து எழுதுவதற்கு விஷயம் தீர்ந்துவிட்டது. ஆனால் அவர் வராத பக்கங்களைப் பதிப்பகம் திருப்பி அனுப்புகிறது.

"ஆறு பாகமா அந்தக் கெழவர முதுகுல தூக்கிச் சொமக்குறேன். எறக்கி வைக்க வழி தெரியல. நீங்க வழி காட்டிட்டீங்க. அந்த வரி இருக்கட்டும்."

"எப்படிங்க இருக்கட்டும்?"

"இந்தப் பாகத்துல உப்பு அளக்குறவன் மாட்டட்டும். எட்டாவதுல சாவிக்காரிக்கு இந்த வரி ஞாபகம் வரும். தப்பான ஆளத் தூக்குல போட்டுட்டோம்னு தெரியும். யோசிச்சுப் பாருங்க!"

கமா யோசித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. "ஆனா அதுவரைக்கும் அது தப்பு மாதிரித்தானே தெரியும்? என் தலையிலதான் விடியும்."

"ஒரு வருஷம். பொறுத்துக்குங்க. யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க, ஒங்க மானேஜர்கிட்டகூட."

கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை அவள் இதுவரை திருத்தாமல் விட்டதில்லை. சிவப்பில் அடித்ததை மறுபடி இருந்தபடியே விடச்சொல்ல, அந்த வரியின் அடியில் புள்ளி புள்ளியாகக் கோடு போடவேண்டும். பதினேழு புள்ளி போட்டாள். ஒவ்வொன்றும் பல்லில் துளை போடுவது மாதிரி இருந்தது. மானேஜர் பார்த்துவிட்டு, "ஆசிரியர் சொன்னா சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

புத்தகம் வந்தது. அடுத்த மேசைக்காரி இல்லாததால் உள்பக்கத்தில் 'மெய்ப்பு' என்ற சொல்லுக்கு எதிரே கமாவின் சொந்தப் பேர் ஏறியிருந்தது. ஒரு மாதத்துக்குள் கடிதங்கள் வர ஆரம்பித்தன. எல்லாமே அந்த நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பற்றி. 'மெய்ப்புத் திருத்துபவர் தூங்கிவிட்டாரா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். மானேஜர் அதைப் படித்துவிட்டு, "நீங்களா இப்படி?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கமாவுக்கு. மருந்தியல் புத்தகத்தின் அடுத்த பதிப்பை அவளிடம் கொடுக்காமல் வெளியாள் ஒருவரிடம் கொடுத்தார்கள்.

வீட்டிலும் விடவில்லை. நாத்தனார் புத்தகத்தை விரித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, இது என்ன? கதவே தெறக்கல, தாத்தா சுண்ணாம்புங்குறாரு. நீங்க கவனிக்கலையா?"

கமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும்தான்."

"ஒங்களுக்கா? கடைச் சீட்டுல எழுத்துப் பிழை இருந்தாலே கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வர்ற ஆளாச்சே நீங்க?"

கமா கழுவிய டம்ளரையே இறுக்கிப் பிடித்து மறுபடி தேய்த்தாள். நாத்தனார் அண்ணியின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ரத்தம் எடுக்க வருகிறவர்கள், பயமில்லை என்று வாயால் சொல்லிக்கொண்டே கையை இறுக்குவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. புத்தகத்தை மூடிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

மூன்று வாரம் அந்த அறையில் ராத்திரி வெகுநேரம் விளக்கு எரிந்தது. முதல் பாகத்திலிருந்து மறுபடி படிக்கிறாள் என்று கமாவுக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் நான்காம் பாகத்தையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து, கமாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"நீங்க எதுவும் சொல்ல வேணாம். நான் பேசுறேன், நீங்க கேளுங்க" என்றாள். "நாலாவதுல வைத்தியர் செத்தப்ப தாத்தா எங்க இருந்தாருன்னு எங்கயுமே இல்ல. தேடித் தேடிப் பாத்துட்டேன். ரெண்டாவதுல ஏணியக் காணோம்னு ஒரு நாள் சும்மா சுத்துறாரு. அன்னைக்கு வெளக்கு யாரு ஏத்துனா? நான் அத நாலு தடவ படிச்சிருக்கேன் அண்ணி. நாலு தடவையும் சிரிச்சேன்."

கமா எழுந்து போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் நான்காம் பாகத்தை நோக்கிக் கை நீட்டினாள். நாத்தனார் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கொடுத்தாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அதே வேலை. கமா ஆறிலிருந்து பின்னோக்கிப் படித்தாள். நாத்தனார் ஒன்றிலிருந்து முன்னோக்கி. கிணற்றடிச் சம்பவம் என்னவென்று கமாவுக்குத் தெரிந்தபோது, அதற்குள் அவளுக்குத் தளபதியைப் பிடித்துப்போயிருந்தது. நோட்டு பாதி நிறைந்தது. தாத்தா முதலில் கொன்றது யாரை என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. ஒருநாள் குரல் உயர்ந்துவிட்டது. "யாரு வீட்ல கொலை?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன்காரர் எழுந்து வந்தார். சொன்னார்கள். நானூறு வருடத்துக்கு முந்தியது என்றதும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பதினான்கு மாதம் கழித்து எட்டாம் பாகம் மெய்ப்புக்கு வந்தது. விடுப்பு முடிந்து வந்திருந்த அடுத்த மேசைக்காரியிடம் கேட்டு வாங்கித்தான் கமா பார்த்தாள். இருபத்தாறாம் பக்கத்தில் விளக்குத் தாத்தா சொல்கிறார்: 'அன்றைக்கு வெளிச்சுவரில் விளக்கேற்றும்போது காற்றுத் துவாரம் வழியாகச் சுண்ணாம்பு வாடை வந்ததே, அப்போதே நினைத்தேன்!' சாவிக்காரி சிரிக்கிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. எட்டாம் பாகத்தின் கொலையைச் செய்தவன் ஒரு புதுச் சமையல்காரன்.

கமா டாக்டருக்குப் போன் போட்டாள். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"கை வரலைங்க" என்றார். "மூணு தடவ எழுதிக் கிழிச்சேன். முப்பது வருஷமா பல்லப் புடுங்குறேன், இந்தக் கெழவரப் புடுங்க முடியல. ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்."

"பரவால்ல டாக்டர்" என்றாள். உள்ளுக்குள் அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஒரு மனிதர் தன் கையால் வளர்த்த ஆளைத் தூக்கில் போட முடியவில்லை என்றால், அதற்குக் கேள்வித்தாளில் எழுதிக் கேட்க என்ன இருக்கிறது? இருபத்தாறாம் பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. அவற்றை மட்டும் திருத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். அவளுக்கு வருத்தமெல்லாம் நாத்தனாரை நினைத்துத்தான். புத்தகம் வெளிவரும்வரை வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

வெளிவந்த அன்றே நாத்தனார் வாங்கிக்கொண்டு வந்து, உடைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். கமா மூன்று முறை அந்த அறையைத் தாண்டி நடந்தாள். இருபத்தாறாம் பக்கம் வந்திருக்கும் என்று தோன்றியபோது உள்ளேயே போய் நின்றாள்.

நாத்தனார் அந்தப் பக்கத்தைப் படித்தாள். திருப்பி ஒருமுறை படித்தாள். பிறகு விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

"காத்துத் துவாரமாம்" என்றாள்.

"ம்."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியும்."

"எழுதுனவருக்கே தெரியல அண்ணி. தாத்தாதான் கொன்னாரு."

கமா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "டாக்டர் இல்லங்குறாரே."

"அவரு சொன்னா ஆச்சா? நாலாவது பாகத்துக்கு என்ன பதில் சொல்வாரு? அங்க எந்தத் துவாரம்?" நாத்தனாரின் குரலில் கோபமே இல்லை. நோட்டைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, தேதி போட்டு, துவாரம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

"அப்ப தாத்தா மேல இருந்த பிரியம் போயிடுச்சா?" என்று கேட்டாள் கமா. பல நாளாகக் கேட்கவேண்டும் என்று நினைத்ததுதான்.

நாத்தனார் ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தாள். "அது எப்படிப் போகும்? கொன்னிருக்காரு, சரி. அதுக்காகப் புடிக்காம போயிடுமா?" என்றவள், விரல் வைத்த இடத்தில் புத்தகத்தை மறுபடி திறந்து, கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.